அண்ணன் எல்டரா, ஓல்டரா, சீனியரா? வயசும் மூப்பும் இங்கிலீஷ்ல எழுதுறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்துல நமக்கு ஒரு சின்ன கடை இருக்கு, ஜெராக்ஸ், ஆன்லைன் ஃபார்ம், லெட்டர் டைப்பிங், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இங்கிலீஷ் கிளாஸ். பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைன்னு சுத்துப்பட்டுல இருந்து ஆளுங்க வருவாங்க, பாஸ்போர்ட்டுக்கு, வெளிநாட்டு வேலைக்கு, பென்சனுக்கு, பிள்ளைங்க அட்மிஷனுக்கு. ஏப்ரல் 15-ல தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப இளந்தாரிப் பயலுக எல்லாம் கிளாஸுக்கு வந்து உக்காருவாங்க, கேள்வி நிறைய வர்றதும் அப்பதான்.

அதுல திரும்பத் திரும்ப வர்றது வயசு சம்பந்தப்பட்ட கேள்விதான். நமக்கு இங்கிலீஷ் வரலைங்கிறது இல்ல காரணம், தமிழ்ல "மூத்தவர்"ங்கிற ஒரே வார்த்தை நாலு ஆளு வேலையைப் பாக்குது. வீட்டுல மூத்தவர், வயசுல மூத்தவர், வேலையில மூத்தவர், ஊர்ல மூத்தவர் எல்லாத்துக்கும் நமக்கு ஒரே சொல்லு. இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் எல்டர், ஓல்டர், சீனியர்னு வேற வேற வார்த்தை, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு எல்லா நேரமும் உக்காராது. அத மனசுல வச்சுக்கிட்டு கீழ உள்ளதப் படிங்க.

"மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ" சரியா சார்?

தப்பு தம்பி. எல்டருக்குப் பின்னாடி தேன் வராது. "மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ", இதுதான் சரி.

எல்டர்ங்கிற வார்த்தை உறவுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிற வார்த்தை. எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர், எல்டர் சன், அவ்வளவுதான் அதோட எல்லை. நாம அண்ணன், அக்கான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம், கீழக்கரைப் பக்கம் காக்கா, லாத்தாம்பாங்க, அதுலயே மூத்ததுன்னு வந்துடுது. இங்கிலீஷ்ல பிரதர்னா அண்ணனா தம்பியான்னு தெரியாது, அதனால எல்டர் இல்லன்னா யங்கர் சேக்கணும். ஆனா ஒருத்தர இன்னொருத்தரோட ஒப்பிட்டுச் சொல்லும்போது, அதாவது "என்னைவிட"ன்னு வந்துட்டா, ஓல்டர் தேன் மட்டும்தான். அமெரிக்காவுல ஓல்டர் பிரதர்னே சொல்லிடுறாங்க, அதுவும் சரிதான், ஓல்டர் எங்க போட்டாலும் தப்பாகாது, எல்டர்தான் இடம் பாத்துப் போடணும்.

பொருளுக்கு எல்டர் கிடையவே கிடையாது. நம்ம பாம்பன்ல பழைய ரயில் பாலம் 1914-ல தொறந்தது, ரோட்டுப் பாலம் 1988-ல வந்தது. ரெண்டுல எது பழசுன்னு சொல்லணும்னா ரயில் பாலம் ஓல்டர், எல்டர்னு எழுதுனா பாலத்துக்கு அண்ணன் தம்பி முறை வச்ச மாதிரி ஆயிடும்.

இன்னொரு விசயம், ஓல்டுக்கு பழைய காலத்து இங்கிலீஷ்ல இருந்த ஒப்பீட்டு வடிவமே எல்டர்தான், ஓல்டர்ங்கிறது அப்புறமா மத்த வார்த்தைங்க மாதிரி ஈ-ஆர் சேத்து வந்தது. புதுசு வந்து பொது இடத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு பழசு வீட்டுக்குள்ள மட்டும் தங்கிடுச்சு. 1688-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிக்கும்போது மேயரோட ஆல்டர்மேன்னு சில பேரப் போட்டாங்க, அந்த ஆல்டர்மேன்லயும் இருக்கிறது இதே வேர்தான், ஊர்ப் பெரியவர்னு அர்த்தம்.

எல்டர், எல்டஸ்ட் எப்ப எது?

ரெண்டு பேருன்னா எல்டர், மூணு பேரும் அதுக்கு மேலயும்னா எல்டஸ்ட். ரெண்டு பொம்பளப் பிள்ளை இருக்கிற வீட்டுல மூத்தது எல்டர் டாட்டர், மூணு இருந்தா எல்டஸ்ட் டாட்டர். "ஃபர்ஸ்ட் டாட்டர்"னு எழுதுறத நிறைய பாக்குறேன், புரியும், ஆனா எல்டஸ்ட்டுதான் வழக்கம். தலைச்சன் பிள்ளைன்னு அழுத்திச் சொல்லணும்னா ஃபர்ஸ்ட்பார்ன். நடுவுல உள்ளது மிடில் சைல்டு, கடைக்குட்டி யங்கஸ்ட். "லாஸ்ட் சன்"னு எழுதாதீங்க.

நம்ம ராமேஸ்வரத்து உதாரணமே சொல்றேன். அப்துல் கலாம் அய்யா வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, நாலு ஆணு ஒரு பொண்ணு, அவருதான் கடைசி. அத "ஹி வாஸ் த யங்கஸ்ட் ஆஃப் ஃபைவ் சில்ட்ரன்"னு எழுதணும். அவரோட அண்ணன் 2021-ல 104 வயசுல காலமானாரு, அவர "கலாம்ஸ் எல்டர் பிரதர்"னு எழுதுனா சரியா இருக்கும், "கலாம்ஸ் சீனியர் பிரதர்"னு ஒருநாளும் எழுதக்கூடாது.

"ஹி இஸ் எல்டர் டூ மீ"ன்னு எங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களே?

இந்தியா முழுக்க இது பேச்சுல இருக்கு, யாருக்கும் புரியாம போகாது. ஆனா பரீட்சையிலயும் வெளிநாட்டுக்குப் போற லெட்டர்லயும் போடாதீங்க. சீனியருக்கு டூ வரும், அந்தப் பழக்கத்துல எல்டருக்கும் டூ ஒட்டிக்கிச்சு, அப்படித்தான் இது வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. ஓல்டர் தேன் போட்டுட்டா பிரச்சினையே இல்ல. எத்தன வயசு வித்தியாசம்னு சொல்லணும்னா அத முன்னாடி வைங்க, "டூ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ".

என் சோட்டுப் பயன்னு சொல்றோமே, ஒத்த வயசுன்னு, அதுக்கு "ஹி இஸ் மை ஏஜ்" போதும். "வீ ஆர் சேம் ஏஜ்"னு எழுதாம "வீ ஆர் த சேம் ஏஜ்"னு எழுதுங்க, அந்த த முக்கியம்.

சரி, சீனியருக்கு மட்டும் ஏன் டூ வருது?

சீனியர், ஜூனியர் ரெண்டுமே லத்தீன்ல இருந்து வந்தது. லத்தீன்ல செனெக்ஸ்னா வயசானவர், சீனியர்னா அவரவிட வயசானவர், அதாவது ஒப்பீடு அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. ஜூனியரும் அப்படித்தான், இளையவருக்கு இளையவர். சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர்னு இந்தக் குடும்பத்து வார்த்தை எல்லாத்துக்கும் டூதான் வரும், தேன் வராது. இத ஒரு தடவ மனசுல வாங்கிட்டா அஞ்சு வார்த்தைக்கும் சேத்து விடை கிடைச்சிடும். செனட்ங்கிறதும் அதே செனெக்ஸ்தான், மூத்தோர் சபை.

"மோர் சீனியர் தேன்"னு எழுதுறத இங்கிலாந்து பேப்பர்ல எல்லாம் பாக்கலாம், பதவி அளவுல இன்னும் மேல உள்ளவருன்னு சொல்றதுக்கு, அது தப்பில்ல. ஆனா வெறும் "சீனியர் தேன்" எப்பவும் தப்பு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க சீனியர் டூ மட்டும் வச்சுக்கங்க.

வயசுல மூத்தவர சீனியர்னு சொல்லலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், நிறைய பேரு மாட்டுறது இங்கதான்.

விசைப்படகு ஒண்ண நினைச்சுக்கங்க. டிரைவருக்கு 26 வயசு, வலை இழுக்குறவர்ல ஒருத்தருக்கு 52. கடல்ல எங்க வலை விடணும், எப்ப திரும்பணும்னு சொல்றது டிரைவர்தான், பங்கும் அவருக்குக் கூட. கரையில அந்த 52 வயசுக்காரர அவன் சித்தப்பாம்பான், மரியாதையா ஒதுங்கி நிப்பான், படகுல ஏறிட்டா சித்தப்பாவுக்கு அவன் சொல்றதுதான் பேச்சு. இத இங்கிலீஷ்ல எழுதுனா "ஹி இஸ் ட்வைஸ் த டிரைவர்ஸ் ஏஜ், பட் ஹி இஸ் ஜூனியர் டூ த டிரைவர்". வயசு ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு. ஓல்டர்னா வயசு. சீனியர்னா பெரும்பாலும் இடம்.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச எம்ப்ளாய்மெண்ட் சீனியாரிட்டியே இதுக்கு நல்ல உதாரணம். ப்ளஸ் டூ முடிச்ச உடனே பதிஞ்ச பையன் 25 வயசுல சீனியரா இருப்பான், பதியாம விட்டுட்டு 38 வயசுல போய்ப் பதிஞ்சவர் அவனுக்கு ஜூனியர். அங்க யாரும் பிறந்த தேதியப் பாத்து வரிசை போடுறது இல்ல, பதிஞ்ச தேதிதான். சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜுங்களுக்கும் அதே மாதிரி, பதவி ஏத்த தேதிதான் சீனியாரிட்டி, ஒரே நாள்ல ஏத்துக்கிட்டா யாரு முதல்ல சத்தியப் பிரமாணம் எடுத்தாங்களோ அவங்க சீனியர். வயசுல இளையவர் சீனியரா இருக்கலாம், யாருக்கும் அது அவமானம் இல்ல.

என் கிட்ட கிளாஸுக்கு வந்த ஒரு பையன், ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணுக்கு தானே லெட்டர் எழுதி அனுப்பிட்டான், நான் பாக்கல. குடும்ப விவரம் கேட்டிருந்த இடத்துல "ஐ ஆம் சீனியர் டூ மை பிரதர்"னு எழுதிட்டான், தம்பி இருக்கான்னு சொல்றதுக்கு. அவங்க திருப்பி ஒரு மெயில் போட்டாங்க, உங்க தம்பி எந்த பிராஞ்சுல, எந்த டிபார்ட்மெண்ட்ல இருக்காரு, ஏற்கனவே சொந்தக்காரர் வேலையில இருந்தா விவரம் குடுங்கன்னு. தம்பி அப்ப எட்டாம் கிளாஸ் படிக்கிறான். பையன் பயந்துபோய் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தான், ரெண்டு பேரும் உக்காந்து "ஐ ஹேவ் எ யங்கர் பிரதர், ஹி இஸ் ஸ்டில் இன் ஸ்கூல்"னு ரெண்டே வரி எழுதி அனுப்புனோம், சரியாயிடுச்சு. முதல்லயே அந்த ரெண்டு வரி எழுதிருந்தா ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்காது.

இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. "ஹி இஸ் டென் இயர்ஸ் மை சீனியர்"னு வருசத்தோட சேத்து எழுதுனா அது வயசக் குறிக்கும், பத்து வயசு மூத்தவர்னு. கொஞ்சம் எழுத்து நடை, பேச்சுல அவ்வளவா வராது. படிக்கும்போது புரிஞ்சுக்கங்க, எழுதும்போது ஓல்டர் தேன் போடுங்க.

சீனியர்மோஸ்ட்னு ஒரு வார்த்தை உண்டா?

நம்ம நாட்டுல உண்டு. கோர்ட்டு, செக்ரெட்டேரியட், ஸ்கூல் சீனியாரிட்டி லிஸ்ட்டு எல்லாத்துலயும் இருக்கு, இந்தியாவுக்குள்ள தாராளமா எழுதலாம். வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதும்போது "மோஸ்ட் சீனியர்"னு பிரிச்சு எழுதுங்க.

காலேஜ் சீனியர்னு சொல்றோமே, அது வெளிநாட்டுலயும் அதே அர்த்தமா?

இல்ல. நமக்கு நம்மள விட ஒரு வருசம் மேல படிச்சாலே சீனியர், ரெண்டு வருசம்னா சூப்பர் சீனியர். அமெரிக்காவுல சீனியர்னா கடைசி வருசம் படிக்கிறவர், ஜூனியர்னா அதுக்கு முந்தின வருசம், ரெண்டாம் வருசம் சோஃபமோர், முதல் வருசம் ஃப்ரெஷ்மேன். அதனால மூணாம் வருசம் படிக்கிற நம்ம பொண்ணு அங்க உள்ள ஒருத்தர்கிட்ட "ஷி இஸ் மை சீனியர்"னு சொன்னா அவங்களுக்குக் குழம்பும். "ஷி வாஸ் எ இயர் அஹெட் ஆஃப் மீ இன் காலேஜ்"னு சொல்லிட்டா எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

அதோட இன்னொண்ணு, "ஐ பாஸ்டு அவுட் இன் 2019"னு எழுதாதீங்க. மிலிட்டரியில பாஸிங் அவுட் பரேடு உண்டு, அது வேற. மத்தபடி வெளியில பாஸ்டு அவுட்னா மயங்கி விழுந்துட்டான்னு அர்த்தம். கிராஜுவேட்டட்னு எழுதுங்க.

"ட்வெண்டி இயர்ஸ் ஓல்டு எக்ஸ்பீரியன்ஸ்" எழுதுனா என்ன தப்பு?

ஓல்டு வந்துட்டா அந்த அனுபவத்துக்கு வயசு சொன்ன மாதிரி, அதாவது இருபது வருசத்துக்கு முன்னாடி நடந்த ஒரு அனுபவம்னு ஆயிடுது. போட் என்ஜின் மெக்கானிக் ஒருத்தர் அப்படித்தான் பயோடேட்டாவுல எழுதி வச்சிருந்தாரு, இருபது வருசமா கையில கிரீஸ் காயாத மனுசன், படிக்கிறவங்களுக்கு எப்பவோ ஒரு காலத்துல வேலை பாத்தவர் மாதிரி தெரியுது. "ட்வெண்டி இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்", முடிஞ்சுது.

இதோட ஒட்டுன இன்னொரு தப்பு, அந்த எஸ். "ஷி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு", இதுல இயர்ஸுக்கு எஸ் உண்டு. "எ ஃபைவ் இயர் ஓல்டு கேர்ள்", இதுல எஸ் கிடையாது, மூணு வார்த்தைக்கு நடுவுலயும் சின்னக் கோடு போட்டு ஒண்ணா சேத்துடணும். பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா எஸ் போயிடும்னு வச்சுக்கங்க. "மை ஏஜ் இஸ் ஃபார்ட்டி இயர்ஸ் ஓல்டு"ன்னு ஏஜும் ஓல்டும் சேத்து எழுதாதீங்க, ஒண்ணு போதும். "ஐ ஆம் ஃபார்ட்டி" எல்லாத்தவிட சுருக்கமானது, பேச்சுல அதுதான்.

எனக்கு 29 முடிஞ்சு 30 நடக்குது. "தர்ட்டி ரன்னிங்"னு போடலாமா?

போடக்கூடாது. நாம நடக்குற வயசச் சொல்ற ஆளுங்க, ஜாதகம் பாக்குற பழக்கமோ என்னமோ, "முப்பது நடக்குது"ம்போம். இங்கிலீஷ்ல வயசுன்னா முடிஞ்ச வருசம்தான். 29 முடிஞ்சிருந்தா நீங்க ட்வெண்டி நைன், அடுத்த பிறந்த நாளைக்கு முந்தின நாள் வரைக்கும் ட்வெண்டி நைன்தான். சட்டத்துலயும் அப்படித்தான் இருக்கு, குடியரசுத் தலைவர் தேர்தல்ல நிக்க 35 வயசு பூர்த்தியாகி இருக்கணும்னு அரசியலமைப்புல எழுதிருக்கு, 35 நடந்தா பத்தாது.

இத நான் கண்டிப்பா சொல்றேன், ஏன்னா ஒரு எழுத்து மாறுனாலே ஃபார்ம் திரும்பி வருது. ஆதார்ல ஒரு பிறந்த தேதி, டி.சி.ல ஒண்ணு, இதுல கையால எழுதுற வயசும் ஒண்ணு கூட இருந்தா மூணும் மூணு திசையில நிக்கும். ஃபார்ம்ல "ஏஜ் ஆஸ் ஆன்"னு ஒரு தேதி குடுத்திருப்பாங்க, அந்தத் தேதிக்கு எத்தன வருசம் முடிஞ்சிருக்குன்னு விரல் விட்டு எண்ணி எழுதுங்க, இன்னைக்கு உள்ள வயச எழுதாதீங்க.

பிறந்த தேதியே தெரியாதவங்களுக்கு என்ன எழுதுறது?

நம்ம கரையில இது இன்னும் உள்ள கேள்வி. ஓ.ஏ.பி., அதாவது முதியோர் பென்சன், எழுத வர்ற பெருசுங்கள்ட்ட வயசு கேட்டா புயல வச்சுத்தான் சொல்லுவாங்க. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய அடிச்ச புயல். போன வருசம் ஒரு ஆச்சி வந்தாங்க, பேத்தி கையப் புடிச்சுக்கிட்டு. "புயலடிச்ச அன்னைக்கு எங்கம்மா என்னய இடுப்புல வச்சுக்கிட்டு தம்பிய கையில புடிச்சுக்கிட்டு மணல்மேட்டுல ஏறுனா"ன்னாங்க. பேத்தி சிரிச்சுச்சு, "ஆச்சி, தம்பி கையில நடந்தா நீதான் தம்பியவிடச் சின்னது, அப்ப அவரு உனக்குத் தம்பி இல்ல, அண்ணன்தானே"ன்னு. ஆச்சி யோசிச்சாங்க, ரொம்ப நேரம். அப்புறம் சொன்னாங்க, "எனக்கு அப்பக் காச்ச, நடக்க முடியல, அதான் என்னயத் தூக்குனா. அவன் சின்னவன், ஆனா நடந்தான்." கேட்டுக்கிட்டு இருந்த எல்லாரும் அமைதியாயிட்டோம்.

இந்த மாதிரி இடத்துல ஃபார்ம்ல ரெக்கார்டு எது இருக்கோ அதுதான், ஆதார், வோட்டர் ஐடி. லெட்டர்ல எழுதுறதா இருந்தா "ஷி இஸ் அபவுட் சிக்ஸ்டி ஃபைவ்", "அரவுண்ட்" போடலாம். எழுபதுக்கு மேல இருக்கும், சரியா தெரியாதுன்னா "செவன்டி ஆட்". "ஷி வாஸ் எ ஸ்மால் சைல்டு அட் த டைம் ஆஃப் த 1964 சைக்ளோன்"னு ஒரு வரி சேத்தா படிக்கிற அதிகாரிக்கு நல்லாவே புரியும்.

வயசானவங்கள ஓல்டு மேன், ஓல்டு லேடின்னு சொன்னா தப்பா?

முகத்துக்கு நேரா சொன்னா நல்லா இருக்காது, நம்மள்ட்ட "கிழவர்"னு சொல்ற மாதிரி. எல்டர்லின்னா கொஞ்சம் மரியாதை, "ஆன் எல்டர்லி மேன்", பெரியவர் ஒருத்தர். இப்ப எல்டர்லியும் சிலருக்குப் பிடிக்கறது இல்ல, "ஓல்டர் பீப்பிள்"னு எழுதுறாங்க. எல்டருக்கும் எல்டர்லிக்கும் உள்ள வித்தியாசத்தப் பாத்துக்கங்க, மூணு வயசுப் பிள்ளையும் ஒரு வயசுத் தங்கச்சிக்கு எல்டர் பிரதர்தான், எல்டர்லி ஆக அவனுக்கு இன்னும் அறுபது வருசம் இருக்கு.

சீனியர் சிட்டிசன் சட்டப்படி உள்ள வார்த்தை, 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல 60 வயசும் அதுக்கு மேலயும்னு இருக்கு. இன்கம் டாக்ஸ்ல 80 ஆயிட்டா சூப்பர் சீனியர். இங்க சீனியர்ங்கிறது வயசத்தான் குறிக்குது, சிட்டிசன்னு சேந்து வர்றதால.

பெரியவங்க எல்லாரையும் சேத்துச் சொல்ல எல்டர்ஸ். "ரெஸ்பெக்ட் யுவர் எல்டர்ஸ்". ஓல்டர்ஸ்னு ஒரு வார்த்தை கிடையாது, யங்கர்ஸும் கிடையாது. ஜமாத்துப் பெரியவங்க, ஊர்ப் பெரியவங்க எல்லாம் எல்டர்ஸ்தான்.

"மை ஓல்டு டீச்சர்"னா வயசான வாத்தியாரா, முன்னாடி பாடம் நடத்துன வாத்தியாரான்னு தெரியாது. பழைய வாத்தியார்னா "மை ஃபார்மர் டீச்சர்"னு எழுதுங்க. ஓல்டு ஃப்ரெண்டுன்னா ரொம்ப நாள் பழக்கம், அவருக்கு இருபது வயசா இருந்தாலும் ஓல்டு ஃப்ரெண்டுதான்.

ஏஜ்டா, ஏஜிட்டா? ரெண்டு மாதிரியும் சொல்றாங்களே?

ரெண்டும் சரி, இடம்தான் வேற. பின்னாடி நம்பர் வந்தா ஏஜ்டு, ஒரே மூச்சுல, "எ மேன் ஏஜ்டு செவன்டி டூ". வயசானங்கிற அர்த்தத்துல ஆளுக்கு முன்னாடி வந்தா ஏஜிட், ரெண்டா பிரிச்சு, "ஹிஸ் ஏஜிட் மதர்". எழுத்து ஒண்ணுதான், வாய்தான் மாறும்.

பெரியப்பா மகன், சித்தி மகள இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

எல்லாரும் கசின். கசின் பிரதர், கசின் சிஸ்டர்ங்கிறது நம்ம ஊரு வழக்கம், நமக்கு பெரியப்பா மகன் கூடப் பிறந்த அண்ணனுக்குச் சமம், அத விட மனசு வரல. ஆனா வெளிநாட்டு ஃபார்ம்ல கசின் மட்டும் எழுதுங்க, வயசு சொல்லணும்னா "ஆன் ஓல்டர் கசின்". பெரியப்பாவ "எல்டர் ஃபாதர்"னு ஒரு பிள்ளை எழுதிக் குடுத்துச்சு, நாலு பேரு அதப் பாத்து குழம்புனோம். "மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்", சித்தப்பான்னா எல்டருக்குப் பதிலா யங்கர். பொதுவா அங்க்கிள் போதும். புருசனோட அண்ணன மூத்தாருன்னும் தம்பிய கொழுந்தன்னும் நாம தனித்தனியா கூப்பிடுறோம், இங்கிலீஷ்ல ரெண்டும் பிரதர் இன் லா, பிரிச்சுக் காட்டணும்னா "மை ஹஸ்பண்ட்ஸ் எல்டர் பிரதர்".

சின்ன வயசுல, ஸ்மால் ஏஜ்?

ஸ்மால் ஏஜ் கிடையாது. "வென் ஐ வாஸ் எ சைல்டு", இல்லன்னா "அட் எ யங் ஏஜ்". ஸ்மால் பிரதரும் கிடையாது, செல்லமா சொல்லணும்னா லிட்டில் பிரதர்.

வயசுக்கு வந்துட்டா, மேஜர் ஆயிட்டா, இது ரெண்டும்?

இங்க ரொம்பக் கவனமா இருக்கணும். லீவ் லெட்டர்ல "மை டாட்டர் அட்டெயின்டு ஏஜ்"னு எழுதிக் குடுக்குறாங்க, பெத்தவங்களும் சரி, அண்ணன்மாரும் சரி. வெளியாளுக்கு அது புரியாது, எந்த வயச அடைஞ்சான்னு கேப்பாங்க. "கேம் ஆஃப் ஏஜ்"னு எழுதுனா சட்டப்படி வயசு வந்துட்டான்னு அர்த்தம், அதாவது மேஜர். நான் சொல்றது, லெட்டர்ல "ஃபேமிலி ஃபங்ஷன்"னு எழுதுனா போதும், பிள்ளையோட உடம்பு சமாச்சாரத்த ஸ்கூல் ஆபீஸ் ஃபைல்ல வைக்க வேண்டியது இல்ல.

மேஜர், மைனருக்கு எல்லை 18, 1875-ம் வருசத்து இந்திய மேஜாரிட்டி சட்டத்துல இருந்து வருது. ஓட்டு வயசுதான் முன்னாடி 21 ஆ இருந்து 61-வது திருத்தத்துல 18 ஆச்சு. மைனர்னா எங்கயும் புரியும், மேஜர்னா வெளியில மிலிட்டரி ஆபீசர்னு நினைப்பாங்க, அடல்ட்னு எழுதுங்க.

டீன் ஏஜ்னா எத்தன வயசுல இருந்து?

13-ல இருந்து 19 வரைக்கும், டீன்னு முடியிற நம்பர் மட்டும். பதினொண்ணு, பன்னெண்டுல டீன் இல்ல. "இன் ஹிஸ் தர்ட்டீஸ்"னா 30-ல இருந்து 39, முன்னாடி ஏர்லி, மிட், லேட் சேத்துக்கலாம். இன்ஃபண்ட்னா கைக்குழந்தை, பேசாததுன்னு லத்தீன்ல அர்த்தம், ஃப்ளைட் டிக்கெட்ல ரெண்டு வயசு முடியாத பிள்ளை. டாட்லர்னா தத்தித்தத்தி நடக்குறது.

குரூப் ஃபோர் எழுத ஏஜ் பார் ஆயிடுச்சு, இத எப்படி எழுதுறது?

"ஐ ஹேவ் கிராஸ்டு த ஏஜ் லிமிட்". மை ஏஜ் இஸ் ஓவர்னு எழுதாதீங்க, ஆயுசு முடிஞ்சிடுச்சுன்னு படும். ரிட்டயர்மெண்ட்டுக்கு ஆபீஸ் வார்த்தை சூப்பர் ஆனுவேஷன், தமிழ்நாடு அரசு வேலையில அது 58-ஆ இருந்து 2020-ல 59, 2021-ல 60 ஆச்சு.

பேருக்குப் பின்னாடி ஜூனியர்னு போடுறாங்களே, நாமளும் போடலாமா?

அப்பனும் மகனும் ஒரே பேரு வச்சுக்கிட்டா அவங்க போடுறது அது. நமக்கு அப்பா பேரு இனிஷியல்ல வந்துடுது, தாத்தா பேரத்தான் பிள்ளைக்கு வைக்கிறோம், பெயரன்ங்கிறதுதான் பேரன் ஆச்சு, அந்தப் பேரக் கொண்டவன்னு. அதனால நமக்கு ஜூனியர் தேவைப்படல.

இறப்பு அறிவிப்புல வயசு எப்படிப் போடணும்?

"ஏஜ்டு நைன்டி டூ" இல்லன்னா "அட் த ஏஜ் ஆஃப் நைன்டி டூ". "இன் ஹர் நைன்டி தேர்டு இயர்"னும் போடலாம், 92 முடிஞ்சு 93 நடக்குதுன்னு அதுக்கு அர்த்தம், ரெண்டும் ஒரே வயசுதான். நடக்குற வயச விடவே மாட்டேன்னு சொல்றவங்களுக்கு இந்த ஒரு இடத்துல மட்டும் இங்கிலீஷ்ல வழி இருக்கு.

போன தையில பாம்பன்ல இருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து கடையத் தட்டுனாங்க, அம்மா தவறிட்டாங்க, சிங்கப்பூர்ல உள்ள சொந்தங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு கார்டு வேணும்னு. அண்ணன் 93-ன்னாரு, தம்பி ஆதார எடுத்து வச்சு 92-ன்னாரு, துக்கத்துல குரல் கூடிப்போச்சு. "இன் ஹர் நைன்டி தேர்டு இயர்"னு டைப் அடிச்சு ஸ்கிரீன அவங்க பக்கம் திருப்பி அர்த்தம் சொன்னேன். அண்ணன் தோள்ல இருந்த துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டு, பத்து காப்பி போடுங்கன்னாரு.